சார் போட்ட புள்ளிகள் சரியாகவே இருந்தன

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தயங்கிவிட்டேன். நோட்டு வாங்கி, முதல் பக்கத்தின் மேலே சின்னதாக ஒரு சிலுவைக் குறி போட்டு, இரண்டு வரி எழுதி, பீரோவில் துணிக்கு அடியில் வைத்து மூடியது மட்டும் மூன்று தடவை. நான் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவன். ஆம்பூரில் தோல் பை தைக்கிற தொழிற்சாலையில் மெஷின் மிதித்தே வயதானவன். ஊசி ஓடுகிற மாதிரி எனக்குப் பேனா ஓடாது. ஆனால் தயக்கத்துக்கு அது பாதிக் காரணம்கூட இல்லை. எழுதினால் நான் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துவிடுமே என்ற பயம்தான் மீதி எல்லாம்.

எங்கள் சபையில், ஆண்டவர் செய்த உதவிக்கு என்று ஒரு சாட்சி சொல்வார்கள். மலைக்கு மருந்து கொண்டுபோன குழு வழி தவறியது, கூட வந்த நர்ஸ் அம்மாவுக்குக் கை உடைந்தது, முழங்கால் போட்டு ஜெபித்த உடனே ஜி.பி.எஸ். கருவியின் அம்பு சரியான பக்கம் திரும்பியது என்று. அந்தச் சாட்சியில் ஒரு பூகோள ஆசிரியர் வருவார். வரைபடத்திலிருந்து அவர் புள்ளிகளைத் தப்பாக எடுத்துக் கருவியில் போட்டதால்தான் வழி தவறியது என்று சொல்லிவிட்டு, அவருக்காகவும் ஜெபியுங்கள் என்று முடிப்பார்கள்.

சார் போட்ட புள்ளிகள் சரியாகவே இருந்தன. வழி தவறியதற்குக் காரணம் நான். அதைச் சொல்லத்தான் இந்த நோட்டு.

தொண்ணூறுகளிலிருந்தே மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை நாங்கள் சிலர் மோட்டார் சைக்கிளில் ஜவ்வாது மலைக்குப் போவோம். ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் நர்ஸ் ஒருவர் லீவு போட்டுக்கொண்டு எங்களோடு வருவார். சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். புண்ணுக்குக் கட்டு, சொறிக்கு மருந்து, வயதானவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பது, கடைசியில் ஒரு பாட்டு, ஒரு ஜெபம். அவ்வளவுதான் எங்கள் ஊழியம்.

தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து மேலே பாதை என்று சொன்னால் அது மாடு நடந்த தடம். மழை அறுத்த பள்ளம், உருட்டுக்கல், மூங்கில் புதர். நூறு சிசி வண்டியில் முதல் கியரில் ஏறுவோம். ஏறாத இடத்தில் இறங்கித் தள்ளுவோம். இப்போது சென்னையிலிருந்து பையன்கள் பெரிய பெரிய வண்டிகளில் வந்து இதையே ஆஃப் ரோடு என்கிறார்கள். இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

பத்து வருடம் ஒரே ஊருக்குப் போனதால் வழி கால் பழக்கமாகிவிட்டது. பிறகு ரெண்டாயிரத்துக்கு அப்புறம், மலையின் அந்தப் பக்கம் இன்னொரு சிற்றூரிலிருந்து எங்களுக்கும் வாங்க என்று சொல்லி அனுப்பினார்கள். வனத்துறையில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினோம். ஆனால் வழி புதிது. முதல் தடவை போகப் பார்த்தபோது பனிமூட்டத்தில் ஒரு வண்டி பிரிந்துபோய், அதில் போனவர் மதியம் வரை ஒரு பாறை மேல் உட்கார்ந்து விசிலடித்துக்கொண்டிருந்தார். எல்லார் சட்டைப் பையிலும் செல்போன் வந்துவிட்ட காலம்தான். ஆனால் மலையில் அது மணி பார்க்கத்தான் ஆகும்.

எங்கள் ஐயர், அதாவது சபைப் போதகர், வழி காட்டும் கருவியும் பேசுகிற வாக்கி டாக்கியும் வாங்கச் சொன்னார். தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கமிட்டி இரண்டு பேருக்குக் கொடுத்தது. ஒருவர் சார், பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். இன்னொருவன் நான். எனக்கு வண்டி ரிப்பேர் கொஞ்சம் தெரியும், கையால் எதையும் தைத்துவிடுவேன், அதனால்.

ஆம்பூர் பஜாரில் வாட்ச், டார்ச் லைட், வெளிநாட்டு சாமான் விற்கும் பாய் ஒருவர் எனக்கு நெடுநாள் தோஸ்த். அவர் மச்சான் வளைகுடாவில் இருந்தார். கேட்டால் எதையும் வரவழைத்துக் கொடுப்பார். முதலில் ரேடியோவை எடுத்து மேசை மேல் வைத்தார். செங்கல் கனம்.

"இத எடுத்துக்கோங்க சார். மலை மேல நின்னு பேசினா வாணியம்பாடில இருக்கறவன் காது கிழியும்."

சார் அதைப் புரட்டிப் பார்த்தார். "இதுக்கு லைசென்ஸ் வேணுமே பாய்?"

"மலையில யாரு சார் வந்து லைசென்ஸ் கேக்கப்போறான்? கரடியா?"

"கரடி கேக்காது பாய். கர்த்தர் கேப்பாரு."

பாய் பெரிதாகச் சிரித்தார். "அப்போ உங்களுக்கு மெல்லப் பேசற பொட்டிதான். பவர் கம்மி, லைசென்ஸ் பேஜார் இல்ல. ஆனா ஒரு மேடு மறைச்சா ஊமை. அப்புறம் என்ன திட்டக் கூடாது."

அதையே எடுத்தோம். காய்ந்து கிடந்த பாலாற்றில் இந்தக் கரைக்கு ஒருவர், அந்தக் கரைக்கு ஒருவர் நின்று பேசிப் பார்த்தோம். மணல் முழுக்கத் தெளிவாகக் கேட்டது. நான் கரை இறங்கி வரப்புக்குப் பின்னால் போனதும் நின்றுவிட்டது. மேட்டில் ஏறிப் பேச வேண்டியது என்று சார் குறித்துக்கொண்டார். பேசுகிற பட்டன் பெரிதாக இருக்கிறதா, கையுறை போட்ட விரலுக்கு அகப்படுகிறதா என்றும் பார்த்தார். எதையும் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்ப்பது அவர் குணம்.

ஜி.பி.எஸ்.ஸில்தான் எங்களுக்குள் பேச்சு நீண்டது. பாய் இரண்டு தினுசு காட்டினார். ஒன்று சாதாரணம். செயற்கைக்கோளைப் பார்த்து நாம் இருக்கும் இடத்தைச் சொல்லும், வண்டி ஓடினால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்லும், நின்றுவிட்டால் திசை தெரியாது. இன்னொன்றில் உள்ளேயே ஒரு திசைகாட்டி உண்டு. நின்ற இடத்திலும், நடக்கிற வேகத்திலும் அது திசை சொல்லும். விலை ஜாஸ்தி.

"சாதாரணமே போதும் பிரதர்," என்றார் சார். "நின்னா என்ன, மேப்பைப் பாத்துக்கறோம். சூரியன் இருக்கு."

"பாதை பிரியற இடத்துல நின்னுதானே சார் பாப்போம்? அங்க அது பேசாம இருந்தா எதுக்கு?"

"உள்ள ஜாஸ்தி சாமான் இருந்தா கெட்டுப்போற எடமும் ஜாஸ்தி."

நான் விடவில்லை. திசைகாட்டி உள்ளதையே எடுக்க வைத்தேன். மற்றதெல்லாம் சார் தீர்மானம். கலர் திரை வெயிலில் தெரியாது, கறுப்பு வெள்ளை போதும் என்றார். சார்ஜ் போடுவது வேண்டாம், பென்சில் பேட்டரி போடுவதாக இருந்தால் ஆலங்காயம் பெட்டிக்கடையில்கூட வாங்கலாம் என்றார். ஹேண்டில்பாரில் கட்டிப் பார்த்தபோது குலுக்கலில் பேட்டரி ஆடிக் கருவி அணைந்து அணைந்து போனது. அதனால் நெஞ்சில் மாட்டிக்கொள்வது நல்லது என்றதும் அவர்தான்.

நெஞ்சில் மாட்ட ஒரு பை வேண்டும். நான் செய்கிறேன் என்றேன். என் கதை இங்கேதான் கெட்டது.

மேனேஜரிடம் கேட்டு, ஏற்றுமதிக்கு ஆகாது என்று ஒதுக்கிய கனத்த தோல் துண்டு வாங்கினேன். ஒன்றரைச் சாண் நீளத்துக்குப் பலகை மாதிரி விறைப்பான முதுகு, அதன் மேல் கருவி உட்கார ஒரு அறை, மழைக்கு ஒரு மூடி, தோளுக்கு இரண்டு வார். ஓரத்தை மெலிதாகச் சீவி மடித்து, இரட்டைத் தையல் போட்டேன். மூடிக்கு என்ன போடுவது? வெளிநாட்டுப் பெண்களின் கைப்பைக்கு நாங்கள் மேக்னட் பட்டன் வைப்போம். கிட்டே கொண்டுபோனால் தானே 'டக்' என்று ஒட்டிக்கொள்ளும். கையுறை போட்டிருந்தாலும் திறக்கலாம், மூடலாம். மூடியில் இரண்டு வைத்தேன். மூடியைத் திறந்து பின்னால் மடித்தால் காற்றில் அடிக்காமல் நிற்கட்டும் என்று, கருவிக்கு நேர் பின்னால் முதுகுப் பலகையில் மூன்றாவதாக ஒன்றைப் பதித்தேன். எங்கள் செக்‌ஷனில் யாருக்கும் அந்த யோசனை வந்திராது என்று நினைத்துக்கொண்டேன். கருவியை வாங்கியதைவிட அதற்குச் சட்டை தைத்ததில்தான் எனக்குப் பெருமை.

என் மனைவி வாங்கிப் பார்த்தாள். "இன்னாங்க, மெஷினுக்குப் பை தச்சீங்களா, கல்யாணப் பொண்ணுக்குத் தச்சீங்களா?"

"மழை பட்டா கெட்டுடும்."

"மழைக்கு ஒரு பாலிதீன் கவர் போதாதா? இது எல்லாரும் பாக்கணும்னு தச்சா மாதிரி இருக்குது."

அவள் சொன்னது அன்று எனக்குக் கோபமாக இருந்தது.

ஒரு விடுமுறை நாளில் சோதித்துப் பார்க்கக் கிளம்பினோம். சார் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து விரிஞ்சிபுரம் கோயில் கோபுரத்தைப் புள்ளியாக எடுத்துக் கருவியில் போட்டார். நான் நெஞ்சில் மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் வண்டியை விட்டேன். அம்பு பிசகவே இல்லை. ஊர்த் தெருவுக்குள் திரும்பியதும் அதுவும் திரும்பி, கோயில் வாசலில் கொண்டு நிறுத்தியது. பூ விற்ற அம்மா ஒருவர் எங்கள் நெஞ்சிலும் தோளிலும் தொங்கியதைப் பார்த்துவிட்டு, "எங்கனா தூரம் போறீங்களாப்பா? இது வழித்துணை சாமி. கும்பிட்டுட்டுப் போங்க," என்றார். சார் என் காதோரம், "பிரதர், மொதல் தடவையே இங்க கொண்டாந்து விட்டுட்டீங்க. ஐயர்கிட்ட சொல்லிடாதீங்க," என்றார். வீடு வரும் வரை சிரித்தோம்.

வேகமாக ஓடும் வண்டியில் கருவி செயற்கைக்கோளைப் பார்த்துத்தான் திசை சொல்லும் என்பது பாய் கடையிலேயே எங்களுக்குத் தெரிந்ததுதான். அதனால் அந்தச் சோதனையில் உள்ளே இருந்த திசைகாட்டிக்கு வேலையே இல்லை என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

மலைக்குப் போன அன்று மூன்று வண்டி. முன்னால் நெஞ்சில் கருவியோடு நான். அடுத்து சார், பின் சீட்டில் சிஸ்டர். கடைசியில் மருந்துப் பெட்டியோடு என் செக்‌ஷன் நண்பர். வழியில் மூன்று புள்ளிகள் சார் போட்டிருந்தார். ஒரு ஊற்று, இரட்டைப் பாறை, பிறகு அந்த ஊர். பழைய வரைபடத்துக்கும் கருவிக்கும் ஒரு கூப்பிடு தூரம் வித்தியாசம் வரலாம் என்றும் எங்களிடம் சொல்லியிருந்தார்.

மூங்கில் காட்டில் பாதை மூன்றாகப் பிரிந்தது. நின்றோம். மூடியைத் திறந்து பின்னால் மடித்தேன். 'டக்' என்று ஒட்டியது. அம்பு வலது பக்கம் காட்டியது.

சார் வண்டியிலிருந்து இறங்காமலே சூரியனைப் பார்த்தார். "எனக்கு இடதுன்னு தோணுது பிரதர். ஊத்து அந்தச் சரிவுலதான் இருக்கணும்."

நான் நெஞ்சை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். "பாருங்க சார். வலது."

அவர் ஒரு நிமிடம் பார்த்தார். "சரி போங்க. புள்ளி நான் போட்டதுதானே."

பெட்டியின் கயிறு அவிழ்ந்து பின்தங்கிவிட்ட நண்பருக்கு ரேடியோவில் வலது பக்கம் வரச் சொன்னேன். கிளம்பினோம். நடக்கிற வேகத்தில் உருண்டோம். மீதித் தூரம் காட்டும் எண் குறையவில்லை, கொஞ்சம் கூடியது. பார்த்தேன். பாதை வளைந்து போகும், அப்புறம் குறையும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சார் பின்னாலிருந்து, "எவ்ளோ பிரதர்?" என்று கேட்டபோது, "வந்துடும் சார்," என்றேன்.

பாதை ஒரு வறண்ட ஓடைக்குள் இறங்கியது. நான் எப்படியோ தாண்டிவிட்டேன். சாரின் முன்சக்கரம் உருட்டுக்கல்லில் வழுக்கியது. வண்டி சாய்ந்தது. சிஸ்டர் இடது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு பார்க்கும்போதே வீங்கியது.

ரேடியோவில் நண்பரைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. பாய் சொன்ன ஊமை. பாறை மேல் ஏறி நின்று கூப்பிட்ட பிறகுதான் அவர் குரல் வந்தது. அவரும் வந்து சேர்ந்ததும் எல்லாரும் முழங்கால் போட்டு ஜெபித்தோம். சிஸ்டர் உட்கார்ந்தபடியே கண்ணை மூடினார். ஆமென் சொன்னதும் முதலில் பேசியவரும் அவர்தான்.

"யாரும் பதற வேணாம். எலும்பு உடஞ்சிருக்கு, ஆடாம கட்டணும். பிரதர், உங்க நெஞ்சுல இருக்கற அந்தத் தோல் பலகையக் கழட்டிக் குடுங்க. அளவெடுத்து தச்சா மாதிரி இருக்குது."

கருவியை உருவி எடுத்துவிட்டுப் பையைக் கொடுத்தேன். கைக்கு அடியில் வைத்து, வாராலேயே கட்டினோம். பிறகு வெறும் கையில் கருவியைப் பிடித்து, நாங்கள் கிளம்பிய அடிவாரத்துக்குப் போக வழி கேட்டேன். அடிவாரத்தில் நின்றபோதே கருவியில் குறித்துக்கொண்ட இடம் அது. அம்பு அப்படியே சுழன்று, வந்த வழியைக் காட்டியது. நான் ஒரு அடி திரும்பினால் அதுவும் திரும்பியது. காலையிலிருந்து அது அப்படித் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஸ்தோத்திரம்!" என்று கத்தினேன். "சார், பாருங்க சார், சரியாயிடுச்சு!"

சார் வந்து பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் இன்னும் மறக்கவில்லை. "அப்போ மெஷின் நல்லாத்தான் இருக்குது," என்றார் மெதுவாக. "அடிவாரம் அங்கயே நின்னு குறிச்சது, அது சரியா வருது. நான் மேப்புல எடுத்துப் போட்ட புள்ளிதான் தப்பு."

பகல் வெளிச்சத்திலேயே இறங்கி, சிஸ்டரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அந்த ஊர் ஜனங்கள் சாயங்காலம் வரை எங்களுக்காகக் காத்திருந்தார்கள் என்று பிறகு சொன்னார்கள்.

கமிட்டியில் கேட்டது ஒரே கேள்விதான். "புள்ளி போட்டது யாரு?"

"நான்," என்றார் சார்.

இடது பக்கம் என்று தான் சொன்னதை அவர் அங்கே சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் இனி வழி பார்க்கும் பொறுப்பு எடுக்க வேண்டாம் என்று மரியாதையாகவே தீர்மானம் போட்டார்கள். அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பையன்களுக்குச் செய்தி போய்விட்டது. "சார், கேன்டீன் எந்தப் பக்கம் சார்?" என்று கேட்டுவிட்டு ஓடுவார்களாம். பூகோள வாத்தியாருக்கு அதைவிட வேறு என்ன வேண்டும். அந்த வருடம் ஒரு ஆராதனையில் எங்கள் கதை சாட்சியாகச் சொல்லப்பட்டது. அல்லேலூயா என்று சபை எழுந்து நின்றது. சார் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு மாதம் கருவியைப் பாலிதீன் கவரில் போட்டு வைத்துக்கொண்டு மலைக்குப் போய் வந்தோம். வழி தெரிந்த மலைக்காரர் ஒருவர் முன்னால் நடந்தார். கருவி ஒரு குறையும் வைக்கவில்லை. மாவுக்கட்டுப் பிரித்த பிறகு சிஸ்டர் பையைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். கருவியை அதில் மாட்டி வீட்டு வாசலில் நின்று பார்த்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் அம்பு என் வலது கையையே காட்டியது. கருவி கெட்டுவிட்டது என்று பாய் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பாய் அதை மேசை மேல் வைத்து, இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு தொழுகைக்குத் திசை பார்க்க அவர் கல்லாவில் வைத்திருக்கும் சின்னத் திசைகாட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதன் முள் துடித்துக்கொண்டு என் பையைப் பார்த்துத் திரும்பியது.

பாய் கருவியை உருவிவிட்டு வெறும் பையை நகர்த்தினார். முள் பையோடு கூடவே போனது.

"இன்னாப்பா இது!" என்று சிரித்தார். "காந்தத்த வச்சுத் தச்சுட்டு எங்கிட்ட வந்து மெஷின் சரியில்லைன்றியே. இந்தப் பையப் பக்கத்துல வச்சா நான் மக்காவுக்குப் பதிலா மெட்ராஸப் பாத்துத் தொழுவேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். மலையில் நடந்தது அவருக்கும் தெரியும், ஊருக்கே தெரியும்.

"வாத்தியார்கிட்ட சொல்லிடு," என்றார்.

"சொல்றேன் பாய்."

சொல்லவில்லை. அன்று சாயங்காலமே மூன்று மேக்னட் பட்டன்களையும் பிடுங்கிவிட்டுப் பித்தளை அமுக்குப் பட்டன் வைத்துத் தைத்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பழைய பட்டன்களை ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்தேன். தூக்கி எறிந்திருக்கலாம். அதற்கும் தைரியம் இல்லை.

எனக்குச் சொல்லிக்கொள்ளக் காரணங்கள் இருந்தன. சிஸ்டருக்குக் கை சரியாகிவிட்டது. சாரும் பழையபடி பாடம் நடத்திக்கொண்டுதான் இருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே, சபை ஸ்தோத்திரம் சொன்ன சாட்சி அது. ஜெபத்துக்கு அம்பு திரும்பியது என்று சந்தோஷப்பட்ட ஜனங்களிடம் போய், காந்தத்தை எடுத்ததால் திரும்பியது என்று சொன்னால் விசுவாசத்தைக் குலைத்தவன் ஆவேனே என்று நினைத்தேன். ஆண்டவருடைய பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு என் பெயரைத்தான் காப்பாற்றினேன். தினமும் காலையில் குடும்ப ஜெபம் நடத்தினேன். பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லிக்கொடுத்தேன். பாய் கடைப் பக்கம் போவதைக் குறைத்தேன். எதிரில் பார்த்தால் அவர் ஒரே வார்த்தைதான் கேட்பார்: "சொல்ட்டியா?"

நாலைந்து வருடம் இப்படிப் போனது. ஒருநாள் காலை பாயே என் வீட்டுக்கு வந்தார். புது வெள்ளை ஜிப்பா. ஹஜ்ஜுக்குக் கிளம்புவதாகச் சொன்னார். போவதற்கு முன்னால் தெரிந்தவர்கள் எல்லாரிடமும் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். என் கையைப் பிடித்துக் கேட்டார். என் மனைவி கொடுத்த டீயைக் குடித்தார். எழுந்து செருப்பு மாட்டும்போது சொன்னார்:

"சாயங்காலம் வாத்தியார் வீட்டுக்குப் போறேன் தோஸ்த். தெரிஞ்சும் இத்தினி நாளா அவர்கிட்ட சொல்லாம இருந்தேன். அதுக்கு நான் மன்னிப்பு கேக்கணும். நீ அதுக்கு முன்னாடி போய்ட்டு வந்துடு. என் வாயால அவர் கேக்க வேணாம்."

அவர் போனபின் என் மனைவி கேட்டாள். "எந்த விஷயங்க?" அவளிடம்கூட நான் சொல்லியிருக்கவில்லை. அப்போதுதான் சொன்னேன். அவள் என் சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு சார் வீட்டுக்குப் போனேன். நின்றபடியே சொன்னேன், உட்காரத் தோன்றவில்லை. பட்டன்களை அவர் மேசை மேல் கொட்டினேன். மூன்றும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன.

சார் அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் பிரித்துக் காட்டினார். பக்கம் பக்கமாக அதே மூன்று புள்ளிகள். ஸ்கேல் வைத்து அளந்தது, கழித்தது, மறுபடி அளந்தது. மை வேறு வேறு நிறத்தில் இருந்தது.

"ஒவ்வொரு லீவுலயும் உக்காந்து போட்டுப் பாப்பேன் பிரதர்," என்றார். "தப்பு எங்கன்னு தெரிஞ்சா நிம்மதியாயிடும்னு. ஒரு தடவகூட தப்பு கெடைக்கல. தப்பு கெடைக்காததுதான் என்ன அரிச்சுது. பாடம் எடுக்கறப்ப போர்டுல வடக்குன்னு எழுதிட்டு, சரிதானான்னு ஜன்னலப் பாப்பேன்."

"மன்னிச்சிடுங்க சார்."

"எப்போ தெரியும் உங்களுக்கு?"

"ரெண்டாவது மாசமே தெரியும் சார்."

அவர் நோட்டை மூடினார். "நீங்க கெளம்புங்க பிரதர். இப்போ என்னால எதுவும் சொல்ல முடியாது." நான் வாசல் தாண்டியதும் கதவைச் சாத்திவிட்டார். அன்று சாயங்காலம் பாய் போனபோது கதவு திறந்தது என்றும், இருவரும் நெடுநேரம் பேசினார்கள் என்றும் கேள்விப்பட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐயரிடம் கேட்டுக்கொண்டு ஆராதனையில் எழுந்து நின்றேன். பட்டன் விஷயத்தை மொத்தமும் சொன்னேன். சார் இடது என்று சொன்னதையும், நான் கேட்காததையும், எண் கூடியதைப் பார்த்தும் வாயைத் திறக்காததையும் சொன்னேன். ஆண்டவர் எங்கள் ஜெபத்தைக் கேட்கவில்லை என்று நான் சொல்லவில்லை. கேட்டார். அந்தப் பையைக் கழற்றிக் கொடுங்கள் என்று சிஸ்டர் வாயில் வந்ததே, அதுதான் பதில் என்று இன்றும் நம்புகிறேன். அதையும் சொன்னேன்.

வெளியே வந்ததும் பெரியவர் ஒருவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "சாரோட பழிய உன் தலைல போட்டுக்கிட்டியே தம்பி. இந்தக் காலத்துல யாருக்கு வரும் அந்த மனசு!"

"இல்லீங்க, நெஜமாவே என் தப்பு..."

"நீ அப்படித்தான் சொல்லுவ," என்றார்.

அவர் மட்டும் இல்லை. ஒரு மாதத்துக்குள் சபை முழுக்க அப்படியே பேச்சு. சாரின் தப்பை மறைக்க நான் ஒரு பட்டன் கதை கட்டினேனாம். மறுக்க மறுக்க எனக்குத் தாழ்மை ஜாஸ்தி என்றார்கள். பழைய சாட்சியும் நிற்கவில்லை. கடைசியில் என் தியாகமும் ஒட்டுப்போட்ட மாதிரி அதோடு சேர்ந்துகொண்டது.

ஒருநாள் சார் என்னைச் சபை வாசலில் நிறுத்தினார். கதவைச் சாத்தியபிறகு அவர் என்னோடு பேசியது அதுதான் முதல் தடவை. சிரித்தார், ஆனால் அது விரிஞ்சிபுரத்தில் சிரித்த சிரிப்பு இல்லை.

"பாத்தீங்களா பிரதர். நீங்க உண்மையச் சொன்னீங்க. அதையும் எனக்குப் போட்ட பிச்சையாக்கிட்டாங்க. வாயால சொன்னா வேலைக்காகாது. எழுதி வைங்க."

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு, அதற்கும் இத்தனை வருடம் எடுத்துக்கொண்டேன். புகழ்ச்சி சும்மா வரும்போது அதைத் திருப்பிக் கொடுக்கக் கை வருவதில்லை. அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

சார் இப்போது நெமிலிப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். இதை முடித்தபிறகு போனில் அவருக்குப் படித்துக் காட்டினேன். கடைசியில் ஒரே ஒரு திருத்தம் சொன்னார். "அம்பு வலது பக்கம் காட்டிச்சுன்னு எழுதியிருக்கீங்க. நேர் வலது இல்ல பிரதர். கொஞ்சம் பின்னால சாஞ்சு இருந்தது. நான் பாத்தேன்." அவர் சொன்னால் சரியாக இருக்கும்.

இதை வாசிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கதையை நீங்கள் யாருக்காவது சொல்வீர்கள், சபையிலோ வீட்டிலோ வண்டி ஓட்டுகிற பிள்ளைகளிடமோ. இருக்கிறபடியே சொல்லுங்கள். என்னை நல்லவனாக்க எதையும் சேர்க்காதீர்கள். சாரைப் பொறுமைசாலியாக்கவும் வேண்டாம், அவர் கதவைச் சாத்தியதையும் சொல்லுங்கள். நாங்கள் ஜெபித்ததைச் சொல்லுங்கள். அதோடு பட்டனையும் சொல்லுங்கள். மொத்தம் மூன்று. மூடியில் இரண்டு, கருவிக்கு நேர் பின்னால் ஒன்று. வைத்துத் தைத்தவன் நான்.